திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்: பிரிண்டுக்கு டிசைன் அனுப்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மாம்பழக்கூழ் லேபிள், கடை ஃப்ளெக்ஸ் எல்லாம் வரும். ஃப்ளெக்ஸ் ஊரிலேயே ஓடிவிடும். மல்டிகலர் ஆப்செட் வேலை பெரும்பாலும் சிவகாசிக்குப் போய்ப் பார்சலில் திரும்பும். பார்சலைப் பிரிக்கிற நேரத்தில் வாடிக்கையாளர் முகம் வாடினால் அந்த வேதனை லேசில் போகாது. ஃபைல் நம் கையில் இருக்கும்போதே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மொபைலில் பளிச்சென்று இருந்த டிசைன் பிரிண்டில் ஏன் மங்கிப்போகிறது?

மொபைல் திரை தானே ஒளி விடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சங்களைக் கலந்து நிறம் காட்டுகிறது. இதுதான் ஆர்ஜிபி. தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை மை விழுங்கிக்கொள்ள, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைதான் சிஎம்ஒய்கே. கிளிப்பச்சை, மின்னும் ரோஸ், எலக்ட்ரிக் நீலம், தகதகக்கும் ஆரஞ்சு ஆகியவற்றை இந்த நாலு மையால் திரை அளவுக்கு எட்டவே முடியாது.

ஆனால் மங்கல் எல்லாமே மையின் குற்றம் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஜூஸ் பாட்டில் லேபிள் வேலை வந்தது. திரையில் அல்போன்சா பழம் அப்படி மின்னியது. அச்சாகி வந்த லேபிளை வாடிக்கையாளர் பாட்டிலில் ஒட்டி மேசைமேல் வைத்தார். உள்ளே சாறு பொன்னாக இருக்க, லேபிளில் இருந்த பழம் செங்கல் தூள் பூசினது போல இருந்தது. ஃபைலைத் திறந்து பழத்தின் மேனியில் கர்சரை வைத்து, ஒவ்வொரு மையும் எத்தனை சதவீதம் என்ற எண்களைப் பார்த்தேன். மெஜந்தாவும் மஞ்சளும் சரியாக இருந்தன. கூடவே சயான் 15, கறுப்பு 8 ஏறியிருந்தது. ஆரஞ்சுக்குள் சயான் கலந்தால் அழுக்கேறும். வெளிச்சம் படும் பகுதியில் கறுப்பை எடுத்து, சயானை 2, 3 அளவுக்கு இறக்கி, மெஜந்தா 45, மஞ்சள் 100 என்று வைத்தேன். நிழல் பகுதியில் மட்டும் சயானை விட்டேன். அடுத்த அச்சில் பழம் பழமாக வந்தது.

அதிலிருந்து எந்த நிறத்துக்கும் இதையேதான் முதலில் பார்க்கிறேன். நல்ல பச்சைக்குள் மெஜந்தா எவ்வளவு இருக்கிறது, நல்ல சிவப்புக்குள் சயான் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணைப் பாருங்கள். கண்ணை நம்பி உட்காராதீர்கள். மஞ்சளும் குங்குமச் சிவப்புமாக அடிக்கும் பத்திரிகை பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. மஞ்சள் டப்பாவிலேயே இருக்கிற மை. சிவப்புக்கு மெஜந்தாவும் மஞ்சளும் நூறு நூறு. மூன்றாவது மைக்கு அங்கே வேலையே இல்லை.

டிசைனை எப்போது சிஎம்ஒய்கேவுக்கு மாற்ற வேண்டும்?

பட்டை, பார்டர், எழுத்து, லோகோ எல்லாவற்றையும் முதலிலிருந்தே சிஎம்ஒய்கே எண்ணில் போடுங்கள். போட்டோவை மட்டும் ஆர்ஜிபியிலேயே திருத்தி, எல்லா வேலையும் முடிந்தபின் ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். மாற்றினதைத் திரும்ப ஆர்ஜிபி ஆக்கினால் போன நிறம் வராது. அங்கும் இங்குமாக நாலு தடவை மாற்றி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செத்துப்போன படங்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

மாற்றும்போது எந்த ப்ரொஃபைல் (நிற எண்ணை எந்த நிறமாகக் காட்டுவது என்று சொல்லும் குறிப்பு) என்பதும் முக்கியம். பூச்சுள்ள வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கு ஒன்று, பூச்சில்லாத மேப்லித்தோ தாளுக்கு ஒன்று. மேப்லித்தோ மையை உறிஞ்சும். புள்ளி பரவும், படம் கறுக்கும். அந்தத் தாளுக்குப் போகும் போட்டோவை முன்கூட்டியே சற்று வெளிச்சமாக்கி அனுப்ப வேண்டும். ஃப்ளெக்ஸ் என்றால், மெஷின் வைத்திருப்பவர் ஆர்ஜிபி கேட்கிறாரா சிஎம்ஒய்கே கேட்கிறாரா என்று விசாரித்து அதன்படி கொடுங்கள்.

கேமராக்காரர் கொடுத்த படம் சில கணினியில் மட்டும் வெளுத்துத் தெரிகிறதே?

அது அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படமாக இருக்கும். 1998இல் வந்த அந்த ப்ரொஃபைல், 1996இல் வந்த வழக்கமான எஸ்ஆர்ஜிபியைவிட அகலமானது, அதாவது அதிக நிறங்களைக் கொள்ளும். ப்ரொஃபைல் ஒட்டாமல் சேமித்தால், பார்க்கும் மென்பொருள் அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொண்டு நிறத்தைக் குறைத்துக் காட்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஐசிசி ப்ரொஃபைலைச் சேர்க்கும் கட்டத்தில் டிக் வையுங்கள்.

மயில் நீலம் கேட்டேன், கத்தரிப்பூ நிறம் வந்தது. ஏன்?

இது நானே பட்ட பாடு. குமாரசாமிப்பேட்டை தைப்பூசத்துக்கு, பெண்கள் வடம் பிடித்துத் தேர் இழுக்கும் நாளுக்காக, ஒரு நோட்டீஸ் செய்தேன். மயிலின் கழுத்துக்கு சயான் 100, மெஜந்தா 95 என்று இருந்தது. திரையில் அழகான ஆழ்ந்த நீலம். தாளில் கத்தரிக்காய். நீலத்தில் மெஜந்தா சயானுக்கு மிக அருகில் வந்தால் அச்சில் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். சயானைவிட மெஜந்தா குறைந்தது 30 எண்ணாவது கீழே இருக்கட்டும். சயான் 100, மெஜந்தா 65 வைத்தால் நீலம் நீலமாக நிற்கும். மயில் நீலம் வேண்டுமானால் மெஜந்தாவை இன்னும் இறக்கி, மஞ்சள் ஒரு 10, 15 சேருங்கள்.

கறுப்பு சாம்பலாக வருகிறது. சில நேரம் எழுத்தைச் சுற்றிக் கலர் பிசிறடிக்கிறது. எது சரியான கறுப்பு?

இரண்டு கறுப்பு உண்டு, இரண்டுக்கும் இடம் வேறு. சின்ன எழுத்துக்கு கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம். போட்டோஷாப்பில் ஆர்ஜிபி கறுப்பை அதன் வழக்கமான அமைப்பில் சிஎம்ஒய்கே ஆக்கினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நாலு மையிலும் பிரிந்துவிடும். பத்திரிகையின் எட்டுப் பாயின்ட் எழுத்து, மைக்கு ஒன்றாக இருக்கும் நாலு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் தெளியும். துளி விலகினாலும் எழுத்துக்கு வண்ண நிழல் விழும்.

பெரிய கறுப்புப் பரப்பு என்றால் தனிக் கறுப்பு வெளுத்துத் தெரியும். அங்கே சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போடலாம். கூட்டினால் 240. ஆர்ட் பேப்பருக்கு மொத்த மை 300ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. நாலையும் நூறு நூறாகப் போட்டு 400 ஆக்கினால் காயாது. அடுக்கிவைத்த தாளின் மை மேல்தாளின் முதுகில் ஒட்டும். அந்தக் கறுப்புப் பரப்புக்குள் வெள்ளை எழுத்து விடுவதாக இருந்தால் எழுத்தைத் தடிமனாக்குங்கள். மெல்லிய எழுத்து மையில் மூழ்கிப்போகும்.

இன்னொன்று: வெள்ளை எழுத்துக்குத் தவறிப்போய் ஓவர்பிரிண்ட் (அடியில் இருக்கும் நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே அடிப்பது) போட்டிருந்தால் திரையில் தெரியும், அச்சில் காணாமல் போகும். அக்ரோபேட் ப்ரோவில் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து ஒவ்வொரு மையாக அணைத்து அணைத்துப் பார்த்தால் இது பிடிபடும்.

போட்டோ பெரிதாக்கினால் உடைகிறது. எத்தனை டிபிஐ வேண்டும்?

டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்ணை மட்டும் கேட்பதில் பயனில்லை. எத்தனை பிக்சல் இருக்கிறது, எத்தனை அங்குலத்தில் அடிக்கப்போகிறோம், அதை வகுங்கள். கையில் பிடித்துப் படிக்கிற பத்திரிகை, லேபிள், புத்தகத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். ஏ4 முழுப் படத்துக்கு 2480க்கு 3508 வேண்டும். சாலையில் தூரத்திலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு அசல் அளவில் 72 போதும். 10க்கு 8 அடி பேனருக்கு 8640க்கு 6912 பிக்சல் ஆகிறது. கடைவாசலில் கிட்ட நின்று பார்ப்பது என்றால் 100 வையுங்கள். சிறிய படத்தைத் திறந்து 72ஐ 300 என்று மாற்றி எழுதினால் தெளிவு வராது. இல்லாத பிக்சலைக் கணினி யூகித்து நிரப்பும், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி மனதைப் பிசைகிற ஒரு நேரம் உண்டு. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வருவார்கள். "அண்ணா, அப்பாவோட போட்டோ இது ஒண்ணுதான் இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் படத்தை எடுப்பார்கள். ஓரம் மடங்கி, பின்பக்கம் ஸ்டேப்ளர் துளையோடு இருக்கும். அதை மொபைலில் படம் பிடிக்காதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சம் நெற்றியில் விழுந்துவிடும். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்து 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். நாலரை சென்டிமீட்டர் உயரப் படத்திலிருந்து சுமார் 2100 பிக்சல் கிடைக்கும். மூன்றடி உயரத்துக்கு நீட்டினாலும் அங்குலத்துக்கு 58 பிக்சல் நிற்கும். தூரப் பார்வைக்கு முகம் தாங்கும். ஷார்ப்னஸை ஏற்றிவிடாதீர்கள். பழைய படத்தின் சொரசொரப்பு தழும்பாகத் தெரியும். சான்றிதழில் ஒட்டின படம் ஒன்றுதான் என்றால், சீல் விழாத பக்கத்துக் கண்ணை வைத்து மற்றதைச் சரிசெய்யலாம். பொறுமையாக ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

சாதாரணத் தரத்தில் போட்டோவாக அனுப்பினால் நீளப்பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். அதைப் பத்தடி பேனரில் போட்டால் அங்குலத்துக்குப் 13 பிக்சல்தான். அதே படத்தை டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள், அசலாகவே வரும். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பவே வேண்டாம்.

முகம் ஒருவருக்குச் சிவந்தும் ஒருவருக்குப் பச்சையடித்தும் வருகிறது. எப்படிச் சரிசெய்வது?

தோல் நிறத்தில் மஞ்சளைவிட மெஜந்தா கூடினால் முகம் சிவந்துவிடும். சயான் ஏறினால் சாம்பலும் பச்சையும் அடிக்கும். நம் மாநிறத்துக்கு மெஜந்தாவைவிட மஞ்சள் ஐந்து, பத்து கூடுதலாகவும், சயான் மெஜந்தாவில் பாதியளவுக்குள்ளும் இருந்தால் இயல்பாக வரும். கறுத்த மேனிக்குச் சயானும் கறுப்பும் சற்று ஏறும், அது தப்பில்லை. நிழல் பகுதியைக் கொஞ்சம் திறந்துவிட்டால் கண்ணும் மூக்கும் தெளியும்.

முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரைப் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வெளுத்த முகத்தில் மை குறைவு, விவரமும் குறைவு. அச்சில் மாவு பூசினது போல நிற்கும். அதைவிட, பேனரில் நிற்பவர் அவர் வீட்டாருக்கே அந்நியராகிவிடுகிறார். ஒரு பாட்டியம்மா அப்படி ஒரு படத்தைப் பார்த்து, "இது யாரு சாமி?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், பிடிஎஃப், எதில் கொடுப்பது?

ஆப்செட்டுக்கு பிடிஎஃப். எழுத்தும் கோடும் வெக்டராகவே போகும், எந்த அளவிலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். ஃப்ளெக்ஸுக்கு டிஃப், அல்லது போட்டோஷாப்பில் தரம் 12இல் சேமித்த ஜேபெக். பிஎன்ஜி சிஎம்ஒய்கேயைத் தாங்காது. அது திரைக்கானது.

ஜேபெக்கில் சிவப்பு எழுத்து மட்டும் பிசிறடித்துத் தெரிவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். தரத்தைக் குறைத்துச் சேமிக்கும்போது ஜேபெக் வெளிச்ச விவரத்தை வைத்துக்கொண்டு நிற விவரத்தைக் குறைத்துக்கொள்கிறது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து நிற வித்தியாசத்தையும் நம்பி நிற்கிறது, அதனால் அங்கே அடி பலமாக விழுகிறது. நம் ஊர்ப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாமே இந்த ஜோடிதான். ஆகவே எழுத்தைப் படமாக்காமல் வெக்டராகவே பிடிஎஃப்பில் அனுப்புங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கேன்வாவில் செய்ததை அச்சடிக்கலாமா?

தாராளமாக. பிடிஎஃப் பிரிண்ட் என்ற வகையில் இறக்குங்கள், ப்ளீடு (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் கூடுதல் ஓரம்) மற்றும் கிராப் மார்க் (வெட்டும் இடத்தைக் காட்டும் குறி) கட்டத்தை டிக் செய்யுங்கள். சிஎம்ஒய்கேயில் இறக்கும் வசதி கட்டணக் கணக்கில்தான் உண்டு. இலவசக் கணக்கு என்றால் நிறம் மாறும் என்பதை எதிர்பார்த்து, நியான் நிறங்களைத் தவிர்த்து வடிவமையுங்கள்.

அச்சகத்தில் திறந்தால் தமிழ் எழுத்து சிதறுகிறது. என்ன செய்ய?

இதில் இரண்டு நோய் இருக்கிறது. முதலாவது, பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள். அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். இரண்டாவது, யூனிகோட். எழுத்துரு இருந்தும், மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். 'கெ' எழுதினால் கொம்பு வலப்பக்கம் தொங்கும். போட்டோஷாப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டையும், இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி பாரகிராஃப் கம்போசரையும் இயக்கினால் இது தீரும்.

அனுப்பும் பிரதியில் எல்லா எழுத்தையும் கர்வ் ஆக்குங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றுங்கள். கோரல் ட்ராவில் கன்ட்ரோல் க்யூ. திருத்தக்கூடிய மூலத்தை வேறு பெயரில் பத்திரமாக வையுங்கள். முகூர்த்த நேரம் மாறிவிட்டது என்று போன் வரும், அப்போது கர்வை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஒரே பத்திரிகையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்பார்கள். தெலுங்கு, கன்னட ஒத்துகள் எழுத்தின் கீழே தொங்குபவை. அவை கழன்றால் நமக்குத் தெரியாது, படிக்கிற மாமனுக்குத் தெரியும். கர்வ் ஆக்கியபின் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் பிடிஎஃப்பைக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

நிழல் போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி தெரிகிறதே?

டிரான்ஸ்பரன்சி, அதாவது நிழல் மாதிரி பின்னணி ஊடுருவித் தெரியும் பகுதி, அச்சுக்காகப் பின்னணியோடு சேர்ந்து தட்டையாகும்போது வருகிற கோளாறு. ஸ்பாட் கலர் (நாலு மையால் உருவாக்காமல் தனியாகக் கலந்து வைத்த மை) மேல் நிழல் விழுந்தால் அதிகம் வரும். பழைய ரிப் (ஃபைலை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) வைத்திருக்கும் அச்சகத்துக்கு எல்லாம் தட்டையான பிடிஎஃப் எக்ஸ்-1ஏ கொடுங்கள். புதிய அமைப்பு என்றால் எக்ஸ்-4 டிரான்ஸ்பரன்சியை அப்படியே தாங்கும். குழப்பமாக இருந்தால் பொருளையும் நிழலையும் பின்னணியோடு சேர்த்து 300 டிபிஐ படமாக்கிவிடுங்கள், எழுத்தை மட்டும் மேலே விடுங்கள்.

கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறுவது) பட்டை பட்டையாக வருகிறது.

பத்தடி அகலத்துக்கு வெளிர்நீலத்திலிருந்து அதைவிட இருபது படி வெளிரிய நீலத்துக்குப் போனால் ஒவ்வொரு படியும் அரை அடி அகலம். கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். தூரத்தைக் குறையுங்கள் அல்லது நிற வித்தியாசத்தைக் கூட்டுங்கள். மேலே ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் பட்டை கரைந்துவிடும்.

விசிட்டிங் கார்டு ஓரத்தில் வெள்ளைக் கோடு?

நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீடு விடுங்கள். எழுத்து ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். கட்டிங் மெஷினில் தாள் கட்டாக வெட்டுப்படும்போது இம்மி நகரும். ஓரமாகப் போட்ட மெல்லிய பார்டர் அதைக் காட்டிக்கொடுக்கும், கார்டுக்கு பார்டரே வேண்டாம் என்பேன்.

போன வருஷம் வந்த அதே கலர் இந்த வருஷம் வரவில்லை. ஃபைல் அதேதான்!

ஃபைல் அதேதான், மற்றவை மாறியிருக்கும். மலிவு விலை மல்டிகலரில் பல ஊர் வேலைகளை ஒரே பிளேட்டில் சேர்த்து அடிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் வேலைக்குச் சிவப்பு தூக்கலாக வேண்டியிருந்தால், அந்த வரிசையில் இருக்கும் உங்கள் வேலையிலும் சிவப்பு ஏறும். அந்த விலைக்கு அதுதான் முறை. நிறம் மாறவே கூடாத லோகோ என்றால் தனியாக அடிக்கச் சொல்லி, ஸ்பாட் கலர் மை கேளுங்கள். தாள் வேறு கம்பெனி ஆனாலும் வெண்மை மாறும். க்ளாஸ் லேமினேஷன் நிறத்தை ஆழமாக்கும், மேட் லேமினேஷன் கறுப்பைச் சாம்பல் பக்கம் தள்ளும்.

பார்க்கிற வெளிச்சமும் ஏமாற்றும். கடைக்குள் நீலமடிக்கும் எல்இடி விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு தாள்கள், வாசலுக்கு வந்தால் வேறாகத் தெரியும். அச்சுத் துறை நிறம் பார்க்க 5000 கெல்வின் வெளிச்சத்தை வைத்திருக்கிறது. நமக்கு எளிய வழி, முற்பகல் பத்து மணி வாக்கில் திண்ணை நிழலில் வைத்துப் பார்ப்பது. நேர் வெயிலில் வேண்டாம். நன்றாக வந்த வேலையில் இரண்டு பிரதியைக் கவரில் போட்டு இருட்டில் வையுங்கள். மறு ஆர்டருக்கு ஃபைலோடு அந்தத் தாளையும் பார்சலில் அனுப்புங்கள்.

மானிட்டரைச் சரிசெய்ய விலையுயர்ந்த கருவி வேண்டுமா?

கருவி இருந்தால் நல்லது, வெளிச்சத்தை 120 கேண்டெலா அளவில் நிறுத்தலாம். இல்லாதவர்கள், ஏற்கெனவே அச்சாகி வந்த ஒரு நல்ல பத்திரிகையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, அதன் ஃபைலைத் திறந்து, இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகும்வரை பிரைட்னஸை இறக்குங்கள். பெரும்பாலான கடைகளில் மானிட்டர் முழு வெளிச்சத்தில் எரிகிறது. "பிரிண்ட் கறுப்பாக வருகிறது" என்ற புகாருக்குப் பாதிக் காரணம் அதுதான்.

நாளை காலையில் பேனர் கட்ட வேண்டும். ப்ரூஃப் (சோதனை அச்சு) பார்க்க எங்கே நேரம்?

முழு பேனரையும் சோதிக்க வேண்டாம். முகம், முக்கியமான பின்னணி நிறம், கறுப்பு, மிகச் சின்ன எழுத்து நாலும் வருகிற மாதிரி ஓர் அடிப் பட்டையை அசல் அளவிலேயே வெட்டி எடுத்து ஃப்ளெக்ஸில் ஓட்டச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை, சொற்பக் காசு. அளவைச் சுருக்கி ஏ4இல் எடுக்கும் லேசர் பிரிண்ட் எழுத்துப் பிழை பார்க்க உதவும், ஃப்ளெக்ஸின் நிறத்தைச் சொல்லாது. பட்டையை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளி நில்லுங்கள், பிறகு கிட்ட வந்து பெயரையும் தேதியையும் விரல் வைத்துப் படியுங்கள். வீட்டார் யாராவது கூட இருந்தால் முகத்தை அவர்களிடம் காட்டுங்கள். "ஆமா, அப்பாதான்" என்று அவர்கள் சொன்னபிறகு மெஷினை ஓட்டச் சொல்லலாம்.